தீக்காயத்துக்கு அந்த வெள்ளைக் களிம்பு போதுமா?

சாம்பார் கொட்டிவிட்டது, எண்ணெய் தெறித்துவிட்டது என்று எங்கள் மருத்துவமனைக்கு வருபவர்களுக்கு மருந்து போடுவதற்கு முன் காயத்தைக் கழுவத்தான் வேண்டியிருக்கிறது. பேஸ்ட், இட்லி மாவு, இங்க், காபித்தூள் என ஏதாவது அப்பியிருக்கும். இப்போதெல்லாம் பலர் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வெள்ளைக் களிம்போடு வருகிறார்கள். மற்றதெல்லாம் தப்பு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இது உண்மையிலேயே மருந்து என்பதால் யாரும் இதைச் சந்தேகப்படுவதில்லை.

அதன் பெயர் சில்வர் சல்ஃபாடயசின். அது வந்த கதை இது. ஆழமாக வெந்துபோன தோலில் ரத்த ஓட்டம் இருக்காது, அதனால் ஊசியில் எவ்வளவு ஆன்டிபயாடிக் போட்டாலும் அங்கே சரியாகப் போய்ச் சேராது, கிருமிக்கோ அது நல்ல தீனி. முதல் சில நாட்களைத் தாண்டிப் பிழைத்தவர்கள்கூட சூடோமோனாஸ் போன்ற கிருமி ரத்தத்தில் ஏறி இறந்தார்கள். சரி, காயத்தின் மேலேயே மருந்து போடுவோம் என்று 1960களில் அமெரிக்காவில் முயன்றார்கள். 0.5 சதவீத சில்வர் நைட்ரேட் கரைசல் வேலை செய்தது, ஆனால் காயத்தில் போட்ட கட்டை ஓயாமல் ஈரமாக வைத்திருக்க வேண்டும், படுக்கை, தரை, நர்ஸ் கை எல்லாம் கறுத்துவிடும், உடம்பின் உப்பும் கரைந்து வெளியேறும். மாஃபெனைடு என்ற களிம்பு கருகிய தோலையும் ஊடுருவியது, ஆனால் தடவினால் தாங்க முடியாத எரிச்சல், ரத்தத்தில் அமிலமும் கூடும். 1968ல் சார்லஸ் ஃபாக்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் வெள்ளியையும் (சில்வர்) சல்ஃபாடயசின் என்ற சல்ஃபா வகை மருந்தையும் சேர்த்தார். பெரிதாக எரியவில்லை, அதனால் உலகம் முழுக்கப் பரவியது.

ஆழமான, பெரிய காயத்துக்காக உருவானது அது. சமையலறையில் படும் காயம் பெரும்பாலும் மேலோட்டமானது. கொப்புளத்துக்கு அடியில் உயிருள்ள தோல் இருக்கும், மயிர்க்கால்களைச் சுற்றி முளைத்துப் பரவி இரண்டு மூன்று வாரத்தில் தானாக மூடிக்கொள்ளும். கிருமியைக் கொல்லும் அந்த வெள்ளி புதுச் செல்லையும் விட்டுவைப்பதில்லை. மறுநாள் கட்டைப் பிரித்தால் களிம்பும் கசிந்த நீரும் கலந்து, சாம்பல் நிறமும் மஞ்சள் நிறமுமாக, பாலேடு போலப் படிந்திருக்கும். செத்த தோலா மருந்தா என்று பிரித்துப் பார்க்க முடியாது, காயத்தின் ஆழமும் தெரியாது. சலைனில் நனைத்த காஸால் துடைத்தெடுத்தால் குழந்தை அலறும், முளைத்த மெல்லிய தோலும் கூடவே உரிந்து வரும். தினமும் இதே கதை.

அதனால்தான் இப்போது புது மருந்து தேடுபவர்கள் கிருமியைக் கொல்கிறதா என்பதோடு நிற்பதில்லை. ஒட்டாமல் இருக்கிறதா, ஈரம் காக்கிறதா, பிரிக்காமல் பல நாள் விடலாமா என்றும் பார்க்கிறார்கள். சென்னை மத்தியத் தோல் (லெதர்) ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய, கொலாஜன் என்ற புரதத்தாலான படலம் இந்த வழியில் வந்ததுதான். அன்னாசிச் செடியின் நொதியைக் கொண்டு கருகிய தோலை மட்டும் கரைக்கும் மருந்துக்கு 2012ல் ஐரோப்பாவிலும் 2022ல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. எனக்கு மிகவும் பிடித்தது மும்பையில் டாக்டர் மாதுரி கோர் ஆராய்ந்த வாழையிலைக் கட்டு: விலை குறைவு, ஒட்டாது, பிரிக்கும்போது வலியும் குறைவு. ஆனால் அது கிருமி நீக்கிய இலை, கொல்லையில் அறுத்ததைச் சுற்றிவிடாதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவது. மூன்று மணி நேரம் வரை தாமதமானாலும் பலன் உண்டு. ஐஸ் வேண்டாம். வீங்குவதற்குள் மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். குழந்தையாக இருந்தால் உடம்பின் மற்ற பகுதி குளிர்ந்துபோகாமல் போர்த்துங்கள். அப்புறம் சுத்தமான துணியால் மூடிக்கொண்டு வாருங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், பிரசவம் நெருங்கியவர்கள், இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைகள், இவர்களுக்கு அந்தக் களிம்பே ஆகாது.

ஏற்கெனவே எதையாவது தடவிவிட்டீர்களா? பதறிப்போய்த் தேய்த்து எடுக்க வேண்டாம். திட்டுவார்களோ என்று மறைக்கவும் வேண்டாம். எதை, எப்போது தடவினீர்கள் என்று சொல்லுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.