பேச மாட்டேன் என்கிற பிள்ளையை விட்டுவிடுங்கள்

போன வாரம் ஓர் அம்மா ஒன்பது வயது மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). கோடை முகாமிலிருந்து வந்ததிலிருந்து பையன் சரியாகத் தூங்குவதில்லை. முகாமில் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் வட்டமாக உட்கார வேண்டுமாம், பந்து யார் கைக்கு வருகிறதோ அவர் 'எனக்கு எதைக் கண்டால் பயம்' என்று சொல்ல வேண்டுமாம். இவன் தலையை ஆட்டியிருக்கிறான். "சொல்லுடா, எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்கல்ல" என்று முகாம் அண்ணா விடவில்லை. படுக்கையை நனைத்துவிடுவேனோ என்று பயம் என்று சொல்லிவிட்டான். 30 பிள்ளைகளும் சிரித்தார்கள். மீதி நான்கு நாளும் அதை வைத்துத்தான் அவனுக்குப் பட்டப்பெயர். இந்தக் கோடையில் இப்படி வந்த மூன்றாவது பிள்ளை இவன்.

அந்த அண்ணா கெட்டவர் இல்லை. கல்லூரி மாணவர், அவருக்கு விளையாட்டும் பாட்டும் சொல்லிக்கொடுத்தவர்கள் கூட்டம் நடத்தச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

'நாலு பேர் முன்னால் பேச வைத்தால் கூச்சம் போய்விடும்' என்று எல்லா முகாமிலும் சொல்கிறார்கள். போகாது. வற்புறுத்திப் பேச வைத்தால் பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றுதான், 'வேண்டாம்' என்று சொன்னால் இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். சும்மா உட்கார்ந்திருக்கிற பிள்ளை கூட்டத்தில் இல்லை என்று நினைக்காதீர்கள், யார் சிரிக்கிறார்கள், அப்போது அக்கா என்ன செய்கிறார் என்று அவன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். முகாம் ஊழியர்களுக்கு நடத்தும் பயிற்சியில் நான் பந்தை அவர்களிடமே கொடுத்து, "வாழ்க்கையில் ரொம்ப அவமானப்பட்ட நாளைச் சொல்லுங்கள்" என்பேன். இருபது வயதுக்காரர்கள் பந்தை உருட்டிக்கொண்டு தரையைப் பார்ப்பார்கள். அப்புறம் நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ஒரு வட்டத்தில் எட்டு, பத்துப் பிள்ளைகள் போதும், கூட இரண்டு பெரியவர்கள். நாற்காலி வேண்டாம், நீங்களும் தரையில் உட்காருங்கள். 'பாஸ்' என்று யாரும் சொல்லலாம் என்பதை முதலிலேயே சொல்லி, நீங்களே ஒருமுறை பாஸ் சொல்லிக் காட்டுங்கள். முதல் நாள் கேள்வி இட்லியா பூரியா அளவில் இருக்கட்டும். யாராவது சிரித்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், 'அப்புறம் பேசிக்கலாம்' என்று தள்ளாதீர்கள்.

'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று மட்டும் தயவுசெய்து வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு பிள்ளை வட்டத்தில் திடீரென்று "மாமா என்னை அங்கே தொடுவார்" என்று சொல்லலாம். அங்கே வைத்துத் துருவ வேண்டாம். "சொன்னது நல்லதுப்பா, கூட்டம் முடிஞ்சதும் நாம பேசலாம்" என்று சொல்லிவிட்டு, பிறகு மற்றவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே எழுதிவையுங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கும் காவல்துறைக்கும் அன்றைக்கே சொல்லுங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி, தெரிந்தும் சொல்லாமல் விட்டால் 6 மாதம் வரை சிறை; தன் கீழ் வேலை செய்பவர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் 1 ஆண்டு வரை. முகாம் பெயர் கெட்டுவிடும் என்று யார் தடுத்தாலும் கேட்காதீர்கள்.

முகாம் நடத்துபவர்களே, டி-ஷர்ட் அச்சடிக்க ஒரு வாரம் அலைகிறீர்கள். இதற்கு அரை நாள் ஒதுக்குங்கள்.