"ஏன் தம்பி போற?"

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் வக்கீல் அலுவலகத்துக்கு, வெளிநாட்டுப் பயணம் சம்பந்தமாக வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வேலைகளுக்காக வருவார்கள். பவர் பத்திரம் எழுத. பெயர்ப் பிழைக்கு அஃபிடவிட் போட. ஏஜென்ட்டிடம் கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்க. மூன்றாவது வேலைக்கு வருகிறவர்களுக்கு என்னால் முழுதாக உதவ முடிந்தது மிகக் குறைவு. அதனால் இப்போதெல்லாம் முதல் இரண்டுக்கு வருகிறவர்களை உட்காரவைத்து, "ஏன் தம்பி போற?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறேன்.

"சம்பாதிக்கத்தான் வக்கீலம்மா" என்பார்கள். பொய் இல்லை. ஆனால் கால் மணி நேரம் பேசினால் அதற்கு அடியில் வேறொன்று இருக்கும். அது என்னவென்று தெரிந்துகொள்வது முக்கியம். ஏனென்றால் ஏமாற்றுகிறவன் அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறான்.

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அப்பாவும் மகனும் வந்தார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்ததில் அவர்களுடைய முந்திரித் தோப்பு வேரோடு சாய்ந்தது. முந்திரி நட்ட மறுவருஷமே காய்க்கிற பயிர் இல்லை. கன்று வைத்து, போர் போட்டு, காத்திருந்த வருஷங்களெல்லாம் கடனில் ஓடின. நடுவில் மகள் கல்யாணம். மகன் பத்தாவது தேறவில்லை. வளைகுடாவில் வேலை, ஒன்றரை லட்சம் கட்ட வேண்டும் என்று ஒரு ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். அதற்காக மூன்று வட்டிக்கு வாங்கப் போகிறார்கள்.

ஒரு தாளில் கணக்குப் போட்டோம். ஒன்றரை லட்சத்துக்கு மூன்று வட்டி என்றால் மாதம் 4,500 ரூபாய். இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் வட்டி மட்டும் 1,08,000. அசல் அப்படியே நிற்கும். பையன் மாதம் 18,000 அனுப்பினாலும் அதில் கால்வாசி வட்டிக்காரருக்கு. கடனை அடைக்கப் போகிறவன் புதுக் கடனோடு விமானம் ஏறுகிறான். அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சட்டப்படி, மத்திய அரசிடம் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர், வேலைக்குப் போகிற ஒருவரிடம் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 35,400. அதைவிட நான்கு மடங்குக்கு மேல் கேட்ட அந்த ஏஜென்ட்டின் பெயரை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் உள்ள பதிவு பெற்ற முகவர் பட்டியலில் தேடினோம். இல்லை. பையன் நான்கு மாதம் பொறுத்து, பதிவு பெற்ற ஒருவர் மூலமாகப் போனான். பழைய கடன் இன்னும் முழுசாக அடையவில்லை. ஆனால் புதுக் கடன் சேரவில்லை.

பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக ஈசிஆர், அதாவது 'குடியேற்றச் சரிபார்ப்பு தேவை' என்ற முத்திரை இருக்கும். அவர்கள் சவூதி, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதற்கு முன் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். இதை ஒரு தொல்லை என்று நினைத்து, "டூரிஸ்ட் விசாவுல போயிடு, அங்க மாத்திக்கலாம்" என்பவர் பேச்சைக் கேட்கிறார்கள். அந்த அனுமதியோடுதான் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு வருகிறது. இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய் கட்டினால், விபத்து மரணத்துக்கோ நிரந்தர ஊனத்துக்கோ பத்து லட்சம். டூரிஸ்ட் விசாவில் போனவருக்கு இது கிடையாது. ஊரில் எல்லோரும் சொல்கிற 'ஃப்ரீ விசா'வும் அப்படித்தான். சட்டத்தில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. விசா கொடுத்துப் பொறுப்பேற்கிற கஃபீல் ஒருவர், வேலை வேறொருவரிடம் என்று ஆனால், பிடிபடுகிற நாளில் உங்கள் பக்கம் நிற்க ஒரு காகிதமும் இருக்காது.

படித்த பிள்ளைகளிடம் காரணம் கடன் இல்லை, கூச்சம். இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருஷம் வீட்டில் இருந்தால், விசேஷத்துக்குப் போகும் இடமெல்லாம் "இப்ப என்ன பண்றீங்க தம்பி?" என்று கேட்கிறோம். நாம்தான் கேட்கிறோம். அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கத் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்றவுடன் பெட்டி கட்டுகிறார்கள். அங்கிருந்து எல்லை தாண்டி மியான்மருக்குக் கொண்டுபோய் இணைய மோசடி வேலையில் அடைத்துவைக்கிறார்கள். கம்போடியா, லாவோஸிலும் இதே கதை. 2022 முதலே இந்திய அரசு எச்சரித்துவருகிறது. அவசரத்தில் இருப்பவனுக்கு எச்சரிக்கை காதில் விழாது. இதில் பெற்றோரைத்தான் நான் கெஞ்சிக் கேட்கிறேன், பிள்ளையைக் கொஞ்சம் சும்மா இருக்க விடுங்கள்.

இன்னொரு காரணத்தை யாரும் முதலில் சொல்வதில்லை. சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கும் ஒரு இளைஞர், "அங்க என் ஊர் எதுன்னு கேப்பாங்க, தெரு எதுன்னு கேக்கமாட்டாங்க" என்றார். சம்பளத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை. அவரிடம் "இங்கேயே இருந்திருக்கலாமே" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பக்கத்துப் புதுச்சேரியில் கதை வேறு மாதிரி. புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் பிரான்ஸ் ஒப்பந்தம் 1962-ல் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள மக்களுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். வைத்துக்கொண்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்றும் கல்யாணச் சந்தையில் தனி மதிப்பு. பாரிஸ் மாப்பிள்ளை என்று பெண் கொடுப்பவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். கல்யாணம் ஆனதும் பிரெஞ்சுக் குடியுரிமை வந்துவிடாது. குறைந்தது நான்கு வருஷம் சேர்ந்து வாழ்ந்த பிறகுதான் கேட்கவே முடியும். கிடைத்த அன்று இந்தியக் குடியுரிமை போய்விடும். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது.

கடைசியாக ஒரு பெண்ணைப் பற்றி. சிதம்பரம் பக்கம், வயது 28. குவைத்தில் வீட்டு வேலைக்குப் போக வேண்டும் என்று வந்தார். ஏன் என்று கேட்டதற்குக் கையில் இருந்த தழும்பைக் காட்டினார். புருஷன் குடிக்கிறவர். ஈசிஆர் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெண்கள் அந்த 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக 30 வயது ஆகியிருக்க வேண்டும். 2016-க்குப் பிறகு அரசு நிறுவனங்கள் மூலமாகத்தான் போக முடியும். இரண்டையும் மீறி வேறு வழியில் அனுப்ப ஒருவர் தயாராக இருந்தார். அடிக்கு பயந்து ஓடுகிறவர் யார் காட்டுகிற வழியிலும் ஓடுவார். முதலில் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனுப் போட்டுப் பாதுகாப்பு உத்தரவு வாங்கினோம். அப்புறம் போக வேண்டாம் என்று முடிவெடுப்பார் என்று நினைத்தேன். அவர் அப்படி முடிவெடுக்கவில்லை.

30 வயது முடிந்தபின் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிந்தார். போன மாதம் ஒப்பந்தத்தோடு வந்தார். சம்பளம், வேலை நேரம், திரும்பி வரும் டிக்கெட் யார் செலவு என்று வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். இரண்டு நகல் எடுத்தார். ஒன்று அம்மாவுக்கு. "இன்னொண்ணு உங்ககிட்ட இருக்கட்டும் வக்கீலம்மா" என்று மேஜையில் வைத்துவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.