இம்பீச்மென்ட்: பதவி நீக்கமா, குற்றச்சாட்டா?

அமெரிக்க அதிபர் ஒருவர் மீது இம்பீச்மென்ட், அதாவது நாடாளுமன்றக் கீழவை சுமத்தும் குற்றச்சாட்டு, நிறைவேறினால், ‘பதவி நீக்கத் தீர்மானம் நிறைவேறியது’ என்று நம் நாளிதழ்கள் எழுதுகின்றன. படிப்பவர், அவருடைய பதவி போய்விட்டது என்றே நினைப்பார். மறுநாளும் அவர் பதவியில் இருப்பதைக் கண்டு குழம்புவார். அந்தக் குழப்பத்துக்கு நாம் தேர்ந்துகொண்ட சொல்தான் காரணம்.

இச்சொல்லின் வேர் காலில் இருக்கிறது. லத்தீனில் ‘பெஸ்’ என்றால் பாதம். ‘பெதிகா’ என்றால் கால்விலங்கு, நம் பழஞ்சொல்லில் தளை. தளை பூட்டித் தடுப்பதைக் குறித்த வினை பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, நாளடைவில் ‘குற்றம் சாட்டுதல்’ என்ற பொருளையும் பெற்றது. 1376இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் லாட்டிமர் பிரபு மீது குற்றம் சாட்டி விசாரித்ததே இம்முறையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. தளையிடுவதும் தள்ளிவிடுவதும் வேறு வேறு செயல்கள். இதை அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி சாமுவேல் சேஸின் வாழ்க்கையைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

1741இல் மேரிலாந்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர் சேஸ். அனாபொலிஸில் சட்டம் பயின்று, 1764இல் மாகாண சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். 1776இல் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். இரண்டே ஆண்டுகளில், ஆட்சிமன்ற இரகசியத்தை வைத்து மாவு வியாபாரத்தில் ஆதாயம் தேடியதாக அமெரிக்க அரசியல் தலைவர் ஹாமில்டன் அவரைச் சாடினார். 1796இல் அதிபர் வாஷிங்டன் அவரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக்கினார்.

சட்ட அறிவில் குறையில்லாதவர், நாவடக்கம்தான் இல்லை. அதிபர் ஆடம்ஸைத் தாக்கி எழுதிய காலெண்டர் என்ற பத்திரிகையாளர் மீதான 1800ஆம் ஆண்டு வழக்கில், நீதிபதியாக அமர்ந்து அரசுத் தரப்பைப் போலவே பேசினார். 1803 மே மாதம் பால்டிமோரில், பெருநடுவர் குழுவுக்கு (ஒருவர் மீது குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) அறிவுரை வழங்க வேண்டிய இடத்தில், அப்போதைய அதிபர் ஜெஃபர்சன் கட்சியின் கொள்கைகளால் நாடு கும்பலாட்சியாகிவிடும் என்று முழங்கினார். ஜெஃபர்சன் பொறுக்கவில்லை. 1804 மார்ச் 12 அன்று கீழவையான பிரதிநிதிகள் அவை 73க்கு 32 என்ற வாக்குகளில் சேஸ் மீது இம்பீச்மென்ட் நிறைவேற்றியது. நம் வழக்கப்படி எழுதினால், அன்றே அவர் பதவியிழந்திருக்க வேண்டும்.

எட்டுக் குற்றச்சாட்டுகளோடு வழக்கு, விசாரித்துத் தீர்ப்பளிக்கும் மேலவையான செனட் அவைக்குப் போனது. 34 உறுப்பினர்களில் 25 பேர் ஜெஃபர்சன் கட்சியினர். நீக்குவதற்குத் தேவைப்பட்டவை 23 வாக்குகள். 1805 மார்ச் 1 அன்று வாக்கெடுப்பு நடந்தது. பால்டிமோர் பேச்சுக்கு எதிரான குற்றச்சாட்டுக்குத்தான் ஆதரவு மிக அதிகம்; அதுவும் 19ஐத் தாண்டவில்லை. ஆளுங்கட்சியினரே சிலர், தீர்ப்பும் பேச்சும் பிடிக்கவில்லை என்பதற்காக நீதிபதியை வீட்டுக்கு அனுப்ப மறுத்தார்கள். அமெரிக்க நீதித்துறையின் நிலையைக் காத்த வாக்குகள் அவை என்பது என் எண்ணம். சேஸ் 1811இல் இறக்கும்வரை நீதிபதியாகவே இருந்தார்.

இனி தமிழுக்கு வருவோம். ‘பதவி நீக்கத் தீர்மானம்’ முடிவைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. சிலர் எழுதும் ‘கண்டனத் தீர்மானம்’ வெறும் கண்டிப்பாகச் சுருங்குகிறது. இலங்கைத் தமிழர் ‘குற்றப் பிரேரணை’ என்கிறார்கள்; குற்றத்தை முன்வைத்தல் என்ற பொருள் அதில் சரியாகவே இருக்கிறது. ‘பிரேரணை’ தமிழ்நாட்டு வாசகருக்குப் பழகாத சொல் என்பதால், ‘பதவிக் குற்றச்சாட்டு’ என்று வழங்கலாம். செனட் நடத்துவது ‘பதவிக் குற்ற விசாரணை’. ‘பதவி நீக்கம்’ என்பதைக் குற்றம் உறுதியானபின் வரும் தண்டனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இந்திய அரசமைப்பும் இந்த வேறுபாட்டைப் பேணுகிறது. குடியரசுத் தலைவரைப் பற்றிய 56, 61ஆவது பிரிவுகளில்தான் இம்பீச்மென்ட் என்ற சொல் வருகிறது. உச்ச நீதிமன்ற நீதிபதிகளைப் பற்றிய 124ஆவது பிரிவு நீக்கம் என்றே பேசுகிறது. ஆகவே நம் நீதிபதிகள் தொடர்பான செய்தியில் ‘பதவி நீக்கத் தீர்மானம்’ என்று எழுதுவதில் பிழையில்லை. சேஸைப் பற்றி எழுதும்போது மட்டும், 1804இல் அவர் மீது பதவிக் குற்றச்சாட்டு நிறைவேறியது, 1805இல் விடுவிக்கப்பட்டார் என்று எழுத வேண்டும்.