ஸ்டோட்: கீரியா, மரநாயா?

நியூசிலாந்தில் பறவைகளைக் காப்பாற்ற ஸ்டோட்டுகளைப் பொறி வைத்துப் பிடிக்கிறார்கள் என்ற செய்தி தமிழுக்கு வரும்போது, அந்த விலங்கு கீரியாகவோ மரநாயாகவோ மாறிவிடுவது உண்டு. சேலத்துக்காரர்களுக்கு இரண்டுமே பழகிய உயிர்கள் என்பதுதான் சிக்கல். கீரி என்றால் ஏற்காடு அடிவாரத்தில் தார்ச்சாலையைக் குறுக்கே கடந்து புதருக்குள் நுழையும் சாம்பல் நிறத்து விலங்கு. மரநாய் என்றால் மேலே காப்பித் தோட்டத்தில் ராத்திரி பழம் தின்ன வருவது. காலையில் பாறை மேலோ மதில் மேலோ கிடக்கும் அதன் எச்சத்தில், சதை மட்டும் செரித்துப்போய், காப்பிக் கொட்டை முழுசு முழுசாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்டோட் இந்த இரண்டில் எதுவும் இல்லை.

ஸ்டோட் ஐரோப்பாவிலும் ஆசியாவின் குளிர்ப் பகுதிகளிலும் வாழும் சிறிய ஊனுண்ணி. இந்தியாவில் காஷ்மீர், லடாக் பக்கம் இமயமலையின் உயரங்களில் உண்டு. சேர்வராயன் மலையில் கிடையாது. வால் நீங்கலாக உடம்பு ஒரு சாண், கூடிப்போனால் ஒன்றரைச் சாண். எடை சுமார் கால் கிலோ. முதுகு செம்பழுப்பு, வயிறு வெளுப்பு, வால் நுனி மட்டும் கறுப்பு. வீசல் என்பது இதைவிடச் சிறிய உறவுக்கார விலங்கு, அதற்கு அந்தக் கறுப்பு நுனி இருக்காது. அயர்லாந்தில் வீசலே இல்லை. ஆனாலும் அங்கே ஊர்ப்புறத்தில் ஸ்டோட்டைத்தான் வீசல் என்கிறார்கள். ஆக, பெயர்க் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததில்லை.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் 15ஆம் நூற்றாண்டு வாக்கில் ‘ஸ்டோட்’ என்றே வழங்கியிருக்கிறது. அதற்கு முந்தைய வேர் உறுதியாகவில்லை. இதே விலங்குக்கு இன்னொரு பெயர் எர்மின். கடுங்குளிர் நாடுகளில் பனிக்காலம் வந்தால் ஸ்டோட்டின் உடம்பு முழுக்க வெள்ளையாகிவிடும், வால் நுனி மட்டும் கறுப்பாகவே நிற்கும். அந்த வெள்ளைத் தோலுக்கும் எர்மின் என்றே பெயர். பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல் இது. ‘ஆர்மீனிய எலி’ என்ற லத்தீன் தொடரிலிருந்து பிறந்தது என்று ஒரு தரப்பும், பழைய ஜெர்மானியச் சொல்லிலிருந்து வந்தது என்று இன்னொரு தரப்பும் சொல்கின்றன. ஐரோப்பிய அரசர்களின் அங்கியில் வெள்ளை ரோமத்தின் மேல் கறுப்புப் புள்ளிகள் தெரியுமே, அவை இந்த வால் நுனிகள்தான். ஒரு அங்கிக்கு எத்தனை ஸ்டோட் செத்திருக்கும் என்று புள்ளிகளை எண்ணியே கணக்குப் போடலாம்.

சரி, உறவுமுறை எப்படி? ஸ்டோட், வீசல், நீர்நாய் மூன்றும் ஒரே குடும்பம். சங்கப் பாடல்களில் வாளை மீன் தின்னும் நீர்நாய், காவிரியில் வலை போடுகிறவர்களுக்குத் தெரிந்த அதே நீர்நாய். சேலத்துக்காரர் ஸ்டோட்டுக்கு ஒரு சொந்தக்காரரைத் தேடினால் மலையில் தேடக்கூடாது, ஆற்றுப் பக்கம் தேட வேண்டும். கீரி தனிக் குடும்பம். மரநாயும் புனுகுப் பூனையும் வேறொரு குடும்பம். கீரியும் மரநாயும் வம்சவழியில் பூனைப் பக்கம் சேர்ந்தவை. பெயரில் நாய் இருப்பதை நம்பி மரநாயை நாய்ப் பக்கம் சேர்த்தால் தப்பு.

கீரிக்குத் தமிழில் வேறு பெயர்களும் உண்டு. குழந்தையைக் காத்த கீரியைத் தாய் தவறாகக் கொன்ற கதையைச் சொல்லுமிடத்தில் சிலப்பதிகாரம் ‘நகுலம்’ என்ற வடசொல்லை ஆள்கிறது. தொல்காப்பியத்தின் மரபியல், குட்டி என்ற சொல் எவற்றுக்கு உரியது என்று சொல்லும்போது ‘மூங்கா வெருகுஎலி மூவரி அணிலொடு’ என்று தொடங்குகிறது. மூங்கா என்பதற்குக் கீரி இனம் என்று பொருள் கொள்கிறார்கள். ஆங்கில ‘மாங்கூஸ்’ மராத்தியின் முங்கூஸிலிருந்து போனது. தெலுங்கில் அது முங்கிச. மூங்காவையும் முங்கிசவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒலி ஒற்றுமை கண்ணில் படாமல் போகாது. இப்படிப்பட்ட சொல்லை ஸ்டோட்டுக்குத் தூக்கிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

இது வெறும் சொல் பிடிவாதம் இல்லை. செய்தியே தலைகீழாகிவிடும். 1872இல் கல்கத்தாவிலிருந்து கீரிகளை ஜமைக்காவுக்குக் கொண்டுபோனார்கள், கரும்புத் தோட்டத்து எலிகளை ஒழிக்க. அங்கிருந்து 1883இல் ஹவாய்க்குப் போயின. எலி ஒழியவில்லை, தரையில் கூடு கட்டும் பறவைகள் அடிபட்டன. கிட்டத்தட்ட அதே காலத்தில், 1880களில், நியூசிலாந்தில் ஆட்டு மேய்ச்சலை மொட்டையடித்த முயல்களை ஒழிக்க ஸ்டோட்டுகளை இறக்கினார்கள். பறவை அறிந்தவர்கள் வேண்டாம் என்று எச்சரித்தும் கேட்கவில்லை. இரண்டும் உண்மைக் கதைகள், இரண்டும் வேறு வேறு. ஸ்டோட்டைக் கீரி என்று எழுதினால் இரண்டும் ஒன்றாகக் கலந்து, நியூசிலாந்தின் பழியும் நம்ம ஊர்க் கீரி தலையில் விழுகிறது.

பழி சின்னதும் இல்லை. கிவிக் குஞ்சு ஏறக்குறைய 1 கிலோ எடைக்கு வளரும்வரை ஸ்டோட்டிடம் தப்புவது அரிது. மரப்பொந்தில் அடைகாக்கும் காக்கா கிளிக்கு (நம்ம காக்கை இல்லை, அங்கே ஒரு கிளிக்கு அந்தப் பெயர்) பொந்துக்கு வேறு வாசல் கிடையாது. ஸ்டோட் உள்ளே நுழைந்தால் தாயும் போச்சு, முட்டையும் போச்சு. பீச் மரங்கள் (beech, பழம் தரும் பீச் இல்லை) விதையைக் கொட்டும் ஆண்டில் எலி பெருகும், பின்னாலேயே ஸ்டோட்டும் பெருகும். எலி குறைந்ததும் பறவை மேல் பாயும். அப்புறம் அதன் கர்ப்பம். கோடையில் இணைசேர்ந்த பின் கரு பல மாதம் வளராமல் நின்று, அடுத்த வசந்தத்தில்தான் குட்டி பிறக்கும். கண் திறக்காத பெண் குட்டியோடுகூட ஆண் இணைசேர்ந்துவிடும். அதனால் கடலை நீந்திக் கடந்து ஒரே ஒரு பெண் ஸ்டோட் தீவில் ஏறினாலும், பெரும்பாலும் அது வயிற்றில் கருவோடுதான் ஏறும். ஸ்டோட் உள்ளிட்ட வந்தேறி வேட்டை விலங்குகளை 2050க்குள் முற்றிலும் ஒழிப்பது என்று 2016இல் நியூசிலாந்து அரசு அறிவித்தது. பிரிட்டனில், அது சொந்த ஊர் விலங்கு. அங்கே முயலின் பிடரியைக் கடித்துத் தன்னைவிடப் பல மடங்கு கனமானதைச் சாய்க்கும் இதே திறமையைப் பெரும்பாலோர் குற்றமாக எண்ணுவதில்லை.

கீரிக்கு நம்மிடம் கிடைத்த மரியாதையும் அரைகுறைதான். குறுக்கே போனால் நல்ல சகுனம் என்போம். பாம்புக்கும் கீரிக்கும் சண்டை விடப்போகிறேன் என்று வித்தைக்காரர் கூட்டம் சேர்த்து, கடைசிவரை சண்டையை விடாமல் தாயத்து விற்றுவிட்டுப் போவார். அதன் ரோமத்தை ஓவியத் தூரிகைக்காகப் பிடுங்குவதும் நடக்கிறது, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுத்தும்.

எழுதுகிறவர்களுக்கு என் யோசனை இவ்வளவுதான்: விலங்கின் பெயரை ‘ஸ்டோட்’ என்றே எழுதலாம். முதல் தடவை வரும் இடத்தில் ‘நீர்நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த, வால் நுனி கறுத்த சிறு ஊனுண்ணி’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அதன் வெள்ளைத் தோலைச் சொல்லும்போது மட்டும் எர்மின். கிரந்தம் வேண்டாம் என்பவர்கள் ‘சுடோட்டு’ என்று எழுதட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. வீசலுக்கும் இதே முறைதான். அதையும் மரநாய் என்று எழுத வேண்டாம்.