ஸ்கேனரை ஆன் செய்யும் முன் மெட்டாடேட்டாவை முடிவு செய்யுங்கள்

இந்த ஆண்டில் மூன்றாவது ஹார்ட் டிஸ்க் என் மேசைக்கு வந்திருக்கிறது. ஓர் ஊர் நூலகத்தின் பழைய நூல்கள், இதழ்கள் என்று இரண்டாயிரத்துக்கு மேல் பிடிஎஃப். ஸ்கேன் அருமை. கூடவே ஓர் எக்செல் தாள், அதில் நூல்களின் விவரங்களை, அதாவது மெட்டாடேட்டாவை, எழுத அவர்களே பெயர் வைத்த 31 புலங்கள். "எங்க சேகரிப்பு தனி மாதிரி சார், வெளிநாட்டுத் தரம் பொருந்தாது. நாங்களே ஒண்ணு உருவாக்கிக்கிட்டோம்."

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. சேகரிப்பு தனி மாதிரியாகவே இருக்கட்டும். அதை விவரிக்கும் புலங்கள் பொதுவாக இருந்தால்தான் இன்னொரு நூலகத்தின் கணினி அதைப் படிக்கும். அப்படிப்பட்ட பொதுப் புலங்களின் தரமான டப்ளின் கோர் 1995-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டப்ளினில் நடந்த கூட்டத்தில் பிறந்ததுதான். அதனால் என்ன? 15 புலங்கள், எதுவும் கட்டாயமில்லை, எதையும் எத்தனை முறையும் போடலாம், உள்ளே தாராளமாகத் தமிழில் எழுதலாம்.

அந்தத் தாளில் ஒரே ஒரு வரியைப் பாருங்கள். சிலப்பதிகாரம், உ.வே.சா.வின் முதல் பதிப்பு. ஆசிரியர்: சாமிநாதையர். ஆண்டு: 2019. இளங்கோவடிகள் என்று தேடினால் நூல் வராது. 1892 என்று தேடினாலும் வராது, 2019 ஸ்கேன் செய்த ஆண்டு. டப்ளின் கோரில் படைப்பாளர் வேறு, பங்களிப்பாளர் வேறு. இளங்கோ முதலாவதில், ஐயர் இரண்டாவதில். பதிப்பாசிரியர், உரையாசிரியர் என்று பங்கையும் பிரித்துச் சொல்ல வேண்டுமா, இன்னும் விரிவான மோட்ஸ் என்ற தரத்தை எடுங்கள்.

தேதி இன்னும் மோசம். 12-5-28 என்று அடித்ததை எக்செல் 2028 ஆக்கிவிட்டது. சில வரிகளில் 'பிரபவ வருஷம்' மட்டும் இருக்கிறது. 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் பெயர் அது, 1867-ஆ, 1927-ஆ? நூலில் உள்ளதை அப்படியே விவரிப்புப் புலத்தில் எழுதுங்கள். தேதிப் புலத்தில் ஆண்டு-மாதம்-நாள் என்று எழுதும் ஐஎஸ்ஓ 8601 முறையில் 1928-05-12 என்று போடுங்கள், நாள் தெரியாவிட்டால் ஆண்டு மட்டும்.

சரி, எதை எடுப்பது? நூலகப் பட்டியலோடு சேர வேண்டுமானால் நூலகங்களின் பட்டியல் தரமான மார்க் 21. நூலும் படமும் ஒலியும் கலந்த சிறு சேகரிப்புக்கு டப்ளின் கோர் போதும். மின்னூலகம் நடத்தும் மென்பொருளான டிஸ்பேஸ் அதோடுதான் வருகிறது. இணையப் பக்கங்கள் கூகுளுக்குப் புரிய, தேடுபொறிகளுக்கான ஸ்கீமா.ஆர்க் குறிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் நிரலில் தேடுசொற்களுக்கென்று இருக்கும் கீவேர்ட்ஸ் டேக்கில் நூறு சொல்லைத் திணிக்காதீர்கள், தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. நூலை யார், எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமைப் புலத்தைக் காலியாக விடாதீர்கள்.

முதலில் பத்து நூல்களை எடுத்து, இருவர் தனித்தனியாகப் புலங்களை நிரப்பி ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே நாள் வேலை.

இந்தத் தாளைத் திருத்திவிடுவேன். ஆனால் இருநூறு இதழ்களில் முதல் பக்கமே இல்லை. என்ன இதழ், எந்த மாதம் என்று அசலைப் பார்த்தால்தான் தெரியும். கேட்டேன். ஸ்கேனுக்காகக் கட்டைப் பிரித்தார்களாம், முடிந்ததும் எடைக்குப் போட்டுவிட்டார்களாம். தயவுசெய்து, விவரம் எழுதி முடிக்கும்வரை அசலின் ஒரு தாளையும் வெளியே அனுப்பாதீர்கள்.