எர்த்து: நில இணைப்பா, மீள்வழியா?

ராயபுரத்திலோ வண்ணாரப்பேட்டையிலோ "ஆம்ப்ளிஃபயர்ல எர்த்து அடிக்குது" என்று சொன்னால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. தகர பாடியில் கை பட்டால் சுருக்கென்று இழுக்கிறது, அவ்வளவுதான். ஆனால் பேச்சுவழக்கு இங்கே விஷயத்தைத் தலைகீழாக்கிவிட்டது. எர்த்து ஒழுங்காக இருந்தால் கை இழுக்காது. பாடிக்குக் கசிந்த கரண்ட், பாடியை மண்ணோடு இணைக்கும் பச்சை ஒயரிலேயே போயிருக்கும். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் உப்புக்காற்றில் எர்த்து பைப்பின் கிளாம்ப் துருப்பிடித்துப் போவது வேறு ஒரு தொல்லை.

சொல் பிரிட்டிஷ் ஆங்கிலத்தின் 'எர்த்'. அமெரிக்கர்கள் 'கிரவுண்டு' என்பார்கள். வீட்டு ஒயரிங்கில் நமக்குப் பழகியது முன்னது. சர்க்யூட் படத்திலும் ஆடியோ கருவிகளின் முதுகிலும் இருப்பது பின்னது. தந்தி காலத்திலேயே மின்சாரத்துக்கும் மண்ணுக்கும் உறவு தொடங்கிவிட்டது. சமிக்ஞை போக ஒரு கம்பி, திரும்ப ஒரு கம்பி என்று இரண்டு இழுக்க வேண்டாம், திரும்புகிற வேலையை மண்ணே பார்த்துக்கொள்ளும் என்று ஜெர்மனியின் கார்ல் ஆகஸ்ட் ஸ்டைன்ஹைல் 1838இல் கண்டார். அப்போது மண் நிஜமாகவே கரண்ட் திரும்பும் பாதை.

இன்று வீட்டில் அந்த வேலை நியூட்ரலுடையது. பச்சை ஒயர் சும்மா காத்திருக்கும், பழுது வந்தால்தான் அதற்கு வேலை. அப்போதும் கரண்ட் "மண்ணுல இறங்கி" காணாமல் போவதில்லை. தெரு டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரலும் மண்ணோடு இணைந்திருப்பதால், கிளம்பிய இடத்துக்கே திரும்புகிறது.

ஆடியோவில் கிரவுண்டு என்பதோ வேறு சங்கதி. ஆடியோ கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஆர்சிஏ ஒயரின் நடு ஊசியில் சிக்னல் போகும். அதைச் சுற்றியிருக்கும் கம்பி வலை அது திரும்பும் வழி, வோல்டேஜை அளக்கும் பூஜ்யப் புள்ளியும் அதுவே. பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குள்ளும் கிரவுண்டு உண்டு. அதற்கும் மண்ணுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஆகவே தமிழில் ஒரே சொல் போதாது. பாதுகாப்புக்கான எர்த்துக்கு 'நில இணைப்பு' நன்றாகவே பொருந்துகிறது. 'புவி இணைப்பு', 'புவித்தொடுப்பு' என்றும் எழுதுகிறார்கள். எனக்கு அவை கொஞ்சம் பாடப்புத்தக வாடை. சர்க்யூட் கிரவுண்டைப் 'பொதுமுனை' என்றும், கரண்ட் திரும்பும் பாதையை 'மீள்வழி' என்றும் சொன்னால் குழப்பம் தீரும். 'தரை' வேண்டாம், சிமெண்ட் தரை ஞாபகம்தான் வரும்.

நில இணைப்பும் பொதுமுனையும் ஒன்றோடொன்று மோதும்போது ஸ்பீக்கரில் 'உம்ம்ம்' என்று ஹம்மிங் வருகிறது. ஆம்ப் ஒரு பிளக்கில், கம்ப்யூட்டர் இன்னொரு அறையின் பிளக்கில். அல்லது கம்பத்துக்குக் கம்பம் தாவி வரும் கேபிள் டிவி ஒயரின் வலை வேறெங்கோ எர்த்து ஆகியிருக்கும். இரண்டு எர்த்துக்கும் இடையே சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தாலே, ஆர்சிஏ வலையில் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் சுற்ற ஆரம்பித்துவிடும். கரண்ட் தனக்கென்று ஒரே வழியைத் தேர்ந்தெடுப்பதில்லை. திறந்திருக்கும் வழியிலெல்லாம் தடைக்கேற்பப் பிரிந்து ஓடும். வலையின் சிறு தடையில் எழும் வோல்டேஜ் பாட்டோடு கலந்துவிடுகிறது. எர்த் லூப் என்கிற இதை 'நில வளையம்' எனலாம்.

முதலில் கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் திருடன் அகப்பட்டான். அந்த ஒயரில், வலைத் தொடர்பை அறுக்கும் ஒரு ஐசொலேட்டர் போட்டால் சரி. இல்லையென்றால் எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். அதிலும் அடங்காவிட்டால் ஆடியோ ஒயரில் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். சில சவுண்ட் சர்வீஸ்காரர்கள் பிளக்கின் தடித்த மூன்றாவது பின்னைக் கழற்றிவிடுவார்கள். ஹம்மிங் போகும்தான். ஆனால் உள்ளே பேஸ், அதாவது கரண்ட் வரும் ஒயர், பாடியில் பட்டால், அந்தக் கரண்டுக்கு மிச்சமிருக்கும் மீள்வழி மெல்லிய ஆர்சிஏ வலை. அதுவும் செருகப்படவில்லை என்றால், வால்யூமைத் திருப்புகிறவரின் கை.