‘மரபணு மாற்று இல்லை’ என்று சான்று கேட்கிறார்களா?

உடுமலைப் பக்கத்து விவசாயி ஒருவர், மக்காச்சோளத்தைக் களத்தில் காயப்போட்டுவிட்டு நான்கு நாள் அலைந்ததைப் பார்த்தேன். மரபணு மாற்று இல்லை என்று சான்று வேண்டும், இல்லாவிட்டால் மூட்டைக்கு விலை குறையும் என்று வியாபாரி சொல்லியிருந்தார். ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டியது. அங்கே, ‘சார் கேம்ப் போயிருக்கிறார்’. அப்படியொரு சான்றை அவர் வாங்கவே தேவையில்லை என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

சான்று கேட்பது இறக்குமதிச் சரக்குக்கு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 ஆகஸ்ட் உத்தரவு அது. 2021 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மக்காச்சோளம், அரிசி, கோதுமை உட்பட 24 பயிர்கள் வெளிநாட்டிலிருந்து வந்தால், அனுப்பும் நாடு சான்று தர வேண்டும். தவறிக் கலந்தது 1 சதவீதம் வரை பொறுத்துக்கொள்ளப்படும். உங்கள் களத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இங்கே விவசாயிக்கு விற்க அனுமதி பெற்ற மரபணு மாற்று விதை பருத்தி மட்டுமே, அதுவும் 2002 முதல். மக்காச்சோளத்துக்கு அனுமதியே இல்லை.

பெரிய குழப்பம் வீரிய ஒட்டு விதையில் வருகிறது. ‘கம்பெனி விதைதானே, அப்படியானால் மரபணு மாற்றுதான்’ என்று படித்தவர்களே சொல்கிறார்கள். இரண்டு ரகங்களை ஒட்டுச் சேர்ப்பது வேறு, மரபணுவை மாற்றுவது வேறு. வாதாடிக்கொண்டிருக்காமல், ரகத்தின் பெயர் போட்ட விதை பில்லை எடுத்து நீட்டுங்கள்.

அந்த பில்தான் பலரிடம் இருப்பதில்லை. கடைக்காரர் துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தருவார். வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். பில் தருவது 1983 விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அவர் கடமை. அதில் ரகமும் லாட் எண்ணும் (பை எந்த விதைத் தொகுதியைச் சேர்ந்தது என்ற எண்) போடச் சொல்லுங்கள். மறுத்தால் விதை ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். காலிப் பையையும் அதன் அட்டையையும் வரப்பில் வீசாமல், மூட்டை விற்றுப் பணம் கைக்கு வரும்வரை வைத்திருங்கள்.

அங்ககச் சான்று, அதாவது இயற்கை விவசாயத்துக்கான சான்று, தனிக் கதை. அதில் மரபணு மாற்று விதைக்கு இடமில்லை. ஆண்டுப் பயிருக்கு மாறுகாலம் (இயற்கை முறைக்கு நிலம் மாறும் காலம்) 2 ஆண்டு; விண்ணப்பித்த மறுவாரமே ‘இயற்கை’ என்று மூட்டையில் எழுத முடியாது. தோட்டத்தின் ஒரு மூலையில் பி.டி. பருத்தியை (மரபணு மாற்றுப் பருத்தி) வைத்துக்கொண்டு மற்ற மூலைக்குச் சான்று கேட்டால் சிக்கல்தான்.

மரபணு மாற்று இல்லை என்று பரிசோதனைத் தாள் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் தரகரிடம் ஏமாறாதீர்கள். அந்தத் தாள், அனுப்பிய மாதிரியைப் பற்றி மட்டுமே பேசும். விலை குறைக்கிற வியாபாரியிடம், எந்த விதிப்படி என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஐந்தாம் நாள் மழை மேகம் கட்டியதும் அந்த உடுமலை விவசாயி குறைந்த விலைக்கே விற்றுவிட்டார். லாட் எண்ணோடு பில் அவர் வீட்டுப் பீரோவில்தான் இருந்தது. ஒருவரும் கேட்கவில்லை.